மூன்று வாரமாக ஐம்பது

புதன்கிழமை பிற்பகல். மறுவாழ்வு வார்டுக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, ரசீதுக்காரர் தம் புகார்க் கடிதத்தின் நான்காவது வரைவைத் திருத்திக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் பெரிய டாக்டருக்கு எழுதப்பட்ட கடிதம் அது. 'பொருள்: என் மனைவியின் செயல்திறன் மதிப்பீட்டில் தொடர்ந்து நேர்ந்துவரும் பிழை.' அந்த ஒரு வரியில் மட்டும் அவருக்குத் திருப்தி இருந்தது. அதற்குக் கீழே வந்த எதுவும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் பொது வார்டில் வைத்திருந்துவிட்டு இங்கே மாற்றினார்கள். இங்கே பன்னிரண்டு கட்டில்கள்தான். காத்திருப்போர் பட்டியல் கதவில் ஒட்டியிருந்த தாள் கொள்ளாமல் இன்னொரு தாளுக்குப் போயிருந்தது. ஆகவே ஒரு விதி வைத்திருந்தார்கள். வந்த அன்றும், அதன்பின் வெள்ளிதோறும் காலையிலும், அன்றாட வேலைகளில் எவற்றை நோயாளி தாமே செய்கிறார் என்று தெரபிஸ்ட் நின்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார். சாப்பிடுவது, தலைவாருவது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று மொத்தம் பத்து இனங்கள். நான்காம் வெள்ளியன்று முந்தைய வெள்ளியைவிட முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் நான்கு வாரம் பயிற்சி உண்டு. தெரியாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வந்த அன்று அவளுக்கு முப்பத்தைந்து. முதல் வெள்ளி ஐம்பது. இரண்டாம் வெள்ளி ஐம்பது. மூன்றாம் வெள்ளியும் ஐம்பது.

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகள். அவர் எண்ணி எழுதி வைத்திருந்தார். அந்த மாடியின் சன்னலோரத்தில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, நீளமான காற்சட்டைகளைக் குட்டையாக்குவதும் இறுகிப்போன சட்டைகளைப் பிரித்துவிடுவதுமாக முப்பது ஆண்டுகள் தொழில் நடத்தியவள் அவள். துணி வாங்கவும் கொடுக்கவும் நாளுக்கு நான்கு முறை அந்தப் படிகளில் இறங்கி ஏறியவள். இந்த நிலையில் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே உட்காரவைத்தால், மறுபடி அவள் கால் தெருவில் படப்போவது எப்போது?

ரசீதுக்காரர் என்பது அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தெருவின் அளவுகளை அவர் நேரில் போகாமல் வீட்டிலிருந்தே எழுதிவிட்டார் என்று ஓர் அதிகாரி குற்றம் சாட்டி, வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். உண்மையில் அவர் போயிருந்தார். போனதற்கு அத்தாட்சிதான் இல்லை. வக்கீல் வைக்க வழியில்லாமல், நூலகத்தில் உட்கார்ந்து பணி விதிகளைத் தாமே படித்து, மேல்முறையீடுகளைத் தாமே எழுதி, ஒன்பது ஆண்டுகள் போராடினார். கடைசியில், பழைய பெட்டியின் அடியில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டு அவரைக் காப்பாற்றியது. அதே நாளில், அதே தெருவில், ஒரு நாய் அவரைக் கடித்ததற்குப் போட்ட ஊசியின் சீட்டு. "நாய் வந்து சாட்சி சொன்னதாலதான் உனக்கு வேலை திரும்பக் கிடைச்சுது" என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் தாளையும் எறிந்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் தேதி போட்டு எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்வார். மனைவி சொல்வதுபோல, மூச்சு விட்டாலும் அதற்கு ரசீது கேட்கும் மனிதர்.

இந்த வார்டுக்கு வந்த முதல் நாளே நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டார். நேரம், வேலை, எப்படிச் செய்தாள், உடனிருந்தவர் யார் என்று நான்கு கட்டங்கள். காலை ஆறரைக்கே வந்துவிடுவார். அவள் கண் விழிக்கும்போது செருப்பு கட்டிலுக்குக் கீழே, கால் இறங்கும் இடத்தில், நேராகத் திரும்பியிருக்கும். தலையணைக்குப் பக்கத்தில் சீப்பு. தட்டு வந்தவுடன் எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்கிக் கரண்டியில் எடுத்து, கரண்டியின் பிடியை அவள் இடக்கையில் வைத்து, அந்தக் கையின் அடியில் தம் விரல் இரண்டை லேசாகக் கொடுத்திருப்பார். சக்கர நாற்காலியைக் கட்டிலோரம் சாய்த்து நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, "ம், எழுந்திரு, இடது கால் முதல்ல" என்பார். இவையெல்லாம் கூடவே இருப்பது என்ற கணக்கில்தான் அவருக்குச் சேர்ந்தன. நோட்டில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமைகளிலும் அப்படித்தான். தெரபிஸ்ட் காலையில் வந்து கட்டிலின் கால்மாட்டில் தாளுடன் நிற்பார். மென்மையான குரலில் பேசும் இளம்பெண். "சார், அவங்களே பண்ணட்டுமே" என்று ஓரிரு முறை சொல்லவும் செய்தார். "ஆமா ஆமா, அவளே பண்ணுவா" என்று இவர் சொல்லும்போதே இவர் கை கரண்டியின் அடியில் இருந்தது.

இப்போது கடிதத்துக்குச் சான்று சேர்க்க வேண்டியிருந்தது. மதிப்பீடு தவறு என்றால், அவள் தானே செய்த வேலைகளின் பட்டியலைத் தேதியோடு இணைக்க வேண்டும். நோட்டை மடியில் விரித்து, 'தானே' என்ற சொல் வரும் வரிகளை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டே வந்தார். இருபத்தாறு நாள். கோடு விழுந்த நாள்கள் நான்கு. அந்த நான்கு நாள்களிலும் எழுதியது அவர் கை அல்ல.

அவர் வர முடியாத நாள்கள் அவை. ஓய்வூதிய அலுவலகத்துக்கு இருமுறை, பல்வலிக்கு ஒருமுறை, நேற்று இந்தப் புகாருக்கான நகல்கள் எடுக்க ஒருமுறை. அப்படிப் போகும்போது நோட்டை வார்டு அக்காவிடம் கொடுத்து, பார்த்து எழுதிவைக்கும்படி கெஞ்சிவிட்டுப் போவார். துடைப்பதும் தட்டு வைப்பதும் நோயாளிகளைப் புரட்டிப்போடுவதுமாக வார்டையே தூக்கி நிறுத்தும் பெண் அவர். அவருடைய கோணல் எழுத்தில் நான்கு நாளும் ஏறக்குறைய ஒன்றே இருந்தது: 'தலை தானே வாரினாங்க. சாப்பாடு தானே.'

ரசீதுக்காரருக்கு முகம் சூடேறியது. இருபத்திரண்டு நாள் கூடவே இருந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவருக்குத் தெரியாத ஒன்று, போகிற போக்கில் எட்டிப் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? நோட்டோடு உள்ளே போனார். வார்டு அக்கா கைகழுவும் தொட்டியருகே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"என் எழுத்துதான். கோழி கிளறின மாதிரி இருக்குமே. ஏன் சார்?"

"நேத்து காலைல தலை தானே வாரினாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நீங்க நேர்ல நின்னு பார்த்துத்தான் எழுதினீங்களா?"

வார்டு அக்கா குழாயை மூடினார். "இல்ல சார். வீட்ல படுத்துக்கிட்டு கனவுல பார்த்து எழுதினேன்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. தாம் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று ரசீதுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அதிகாரி, தலையைக் கூட நிமிர்த்தாமல் கேட்ட கேள்வி. ஒரு சொல் மாறவில்லை.

"மன்னிச்சுக்கங்க" என்றார். "நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துலயோ கேட்டாச்சு, விடுங்க." வாளியைத் தூக்கினார் வார்டு அக்கா. "பன்னெண்டு கட்டில் எனக்கு. அம்மா முன்னாடி தட்டை வெச்சிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவேன். திரும்பி வர்றப்போ தட்டு காலியா இருக்கும். பாதி நெஞ்சுல இருக்கும், கொஞ்சம் தரையில இருக்கும். ஆனா காலி. நான் ஊட்டலை. எனக்கு ஏது நேரம்? உங்களை மாதிரி ஒரு ஆளுக்கு ஒரு ஆளா இங்க?"

ரசீதுக்காரர் மறுபடி பெஞ்சுக்கு வந்தார். நோட்டைத் தொடக்கத்திலிருந்து புரட்டினார். முதல் பக்கத்தில், முதல் நாளன்று, தெரபிஸ்ட் சொன்னதைத் தாமே எழுதி, சொன்னவரிடமே கையெழுத்தும் வாங்கியிருந்தார்: 'செய்ய முடியுமா என்று பார்க்க மாட்டோம், செய்கிறாரா என்றுதான் பார்ப்போம். கைகொடுப்பது மட்டும் உதவி அல்ல. எடுத்து வைப்பதும், சொல்லிக்கொடுப்பதும், பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நிற்பதும் உதவியே. உதவி இருந்தால் மதிப்பெண் குறையும்.'

எத்தனையோ முறை படித்த பக்கம். ஊழியர்கள் செய்யும் உதவியைச் சொல்கிறார்கள் என்றே எண்ணியிருந்தார். புருஷன் செருப்பை எடுத்து வைப்பதை யார் போய் உதவி என்பார்கள்? மீட்டர் வேலையில் சேர்ந்த புதிதில், கண்ணாடிமேல் தன் நிழல் விழாமல் நின்று முள்ளைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் அப்படி நின்றவர், இங்கே இருபத்திரண்டு நாள் நிழலோடு சேர்த்தே அளவெடுத்திருக்கிறார். மூன்று வெள்ளியும் பல்வலி வந்து தொலைந்திருக்கக் கூடாதா? அந்த மூன்று நாள் மட்டும் எந்த வேலை வந்தும் அவர் போகவில்லை.

மனைவியின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தார். அவளுக்கு நாக்கு இன்னும் தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக, படியிறங்குவதுபோலப் பேசினாள்.

"முகம்... ஏன் இப்படி... இருக்கு?"

"நான் இல்லாதப்போ நீயே தலை வாரிக்கிறியா?"

"ம்."

"நீயே சாப்பிடுறியா?"

"சிந்தும்."

"நான் இருக்கறப்போ ஏன் செய்யல?"

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நான் கையை... நீட்டறதுக்குள்ள... சீப்பு தலையில இருக்கு. நான் என்னங்க... பண்றது?"

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"நாள் பூரா... பெஞ்சுல உக்காந்திருக்கீங்க. அதையும்... புடுங்கிட்டா..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்ன செய்வீங்க. பாவமா இருந்துச்சு."

நழுவியிருந்த போர்வையை இழுத்துவிடக் கை போயிற்று. பாதியில் நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை தெரபிஸ்டைப் பயிற்சி அறையில் பார்த்தார். நோட்டையும், கடிதத்தின் நான்கு வரைவுகளையும், சிவப்புக் கோடுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, நடந்ததைச் சொன்னார். தெரபிஸ்ட் கடிதத்தில் தம் பதவி இருந்த வரியைப் படித்துவிட்டு வெளிறிப்போனார்.

"இதை அனுப்பப் போறீங்களா சார்?"

"இல்ல. தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு கேக்கணும். நான் பிடிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் கண்டிப்பா சொல்லல?"

தெரபிஸ்ட் பேனா மூடியைத் திருகினார். "நான் வாயைத் திறந்தாலே நீங்க எழுதறீங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டறீங்க. எனக்கு வர்ற வார்த்தையும் வர மாட்டேங்குது சார்."

பழக்கத்தில் பேனாவை எடுத்தவர், அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நான் உள்ள வரல. வெளியவே நிக்கறேன். அது போதுமா?"

"போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் பார்க்கறதைத்தான் போடுவேன். உங்களுக்காகக் கூட்டிப் போட மாட்டேன்."

"போட்டா நானே புகார் எழுதுவேன்" என்றார் அவர். தெரபிஸ்ட் முதன்முறையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே அவர் வார்டுக் கதவின் வெளிப்புறம் நின்றுவிட்டார். கதவில் முகமளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. மூன்றாம் கட்டில் அதில் நேராகத் தெரிந்தது. குரல் எதுவும் கேட்கவில்லை.

தெரபிஸ்ட் கால்மாட்டில் தாளோடு நின்றார். சீப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எடுத்து வைக்க ஆள் இல்லை. அவள் இடப்பக்கமாகச் சாய்ந்து, இடக்கையால் அதை எட்டப் பார்த்தாள். முதல்முறை தவறியது. அவருடைய விரல்கள் கண்ணாடியைத் தொட்டன. இரண்டாம் முறை பிடித்துவிட்டாள். வகிடு கோணலாகத்தான் வந்தது. தெரபிஸ்ட் தாளில் ஏதோ குறித்தார்.

தட்டு வந்தது. ரொட்டித் துண்டை யாரும் நறுக்கித் தரவில்லை. அவள் அதைத் தட்டின் விளிம்பில் வைத்து, கரண்டியின் ஓரத்தால் அமுக்கி, முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத் துண்டாக்கினாள். தடித்த துணியைப் பிரிக்கும்போது அவள் கை இப்படித்தான் பொறுமையாக அசையும். ஒரு வாய் நெஞ்சில் விழுந்தது. அதைப் பார்த்துக்கூட நிறுத்தாமல் அடுத்த வாயை எடுத்தாள். கண்ணாடியில் அவர் விட்ட மூச்சு புகையாகப் படிந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அப்போது வார்டு அக்கா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிலோரம் விட்டுவிட்டு விலகிப் போனார்.

ரசீதுக்காரரின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பிரேக். நாற்காலியின் இரண்டு பக்கமும் உள்ள அந்தக் கறுப்புப் பிடிகளை இதுநாள்வரை அவள் தொட்டதே இல்லை. இருபத்திரண்டு நாளும் போட்டது அவர். அவர் இல்லாத நாள்களில் போட்டது வார்டு அக்கா. பயிற்சி அறையிலும் அவரே முந்திக்கொண்டு குனிந்திருக்கிறார். நோட்டில் பிரேக்குக்கு ஒரு கட்டமே கிடையாது. பூட்டாத நாற்காலியைப் பிடித்து எழுந்தால் அது பின்னால் ஓடும். விழுந்தால் இடுப்பு. அதற்குப் பிறகு மதிப்பெண் என்ன, நான்கு வாரம் என்ன.

கை கதவின் பிடியில் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து கண்ணாடியை மறைத்துக்கொண்டு வார்டு அக்காவின் முகம் தோன்றியது. கதவைக் கையகலத்துக்குத் திறந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பிரேக்கு... அவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"சொன்னா அதுவும் உதவிதானே. நோட்ல எழுதி வெச்சிருக்கீங்களே."

"விழுந்துடுவா."

"மேடம் ஒரு முழம் தள்ளி நிக்கறாங்க. விழ விட மாட்டாங்க. நீங்க மொதல்ல அந்தப் பிடியை விடுங்க, கதவு கழண்டு வந்துடும்."

கதவு மூடிக்கொண்டது. வார்டு அக்கா விலகியதும் மூன்றாம் கட்டில் மறுபடி தெரிந்தது. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, வழக்கமாக அவர் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தெரபிஸ்ட் வாய் திறக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடமா, இருபது நொடியா என்று எழுதிவைக்க அவருக்குக் கடிகாரம் பார்க்கும் நினைவுகூட இல்லை.

அவள் இடக்கை மெல்லக் கீழே போயிற்று. இடப்பக்கத்துப் பிடியைத் தேடி, தடவி, முன்னால் தள்ளினாள். போட்டுவிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. இன்னொன்று, இன்னொன்று என்று உதடு அசைந்தது. ஆனால் இன்னொன்று வலப்பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அவள் நினைவுக்கு வரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழத் தொடங்கினாள். வலச்சக்கரம் உருண்டது. நாற்காலி ஒருபக்கமாகத் திரும்ப, அவள் உடல் அதோடு சரிந்தது.

தெரபிஸ்டின் கை அவள் இடுப்பில் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியாத வேகத்தில் வந்து, பிடித்து, மறுபடி கட்டிலில் உட்காரவைத்துவிட்டது. கதவுக்கு இப்புறம் ரசீதுக்காரர் சுவரோடு சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெரபிஸ்ட் வெளியே வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சாப்பாட்டுக்கு முழுசா போட்டிருக்கேன், சார். அஞ்சு கூடியிருக்கு. தலைவாருறதுக்கும் அஞ்சு. நாற்காலிக்குப் பழையபடிதான், கூடலை. நான் பிடிக்க வேண்டியதாப் போச்சு."

"அப்போ?"

"அறுபது. நாலு வாரம் உண்டு."

அவர் தலையை ஆட்டினார். ஒருமுறை அல்ல, பலமுறை. பிறகு, "அந்தத் தாளுக்கு ஒரு நகல் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்று தெரபிஸ்ட் நீட்டினார். கீழே தாமாகவே கையெழுத்தும் போட்டிருந்தார்.

புகார்க் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. கிழிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நான்காவது வரைவின் தலைப்பில், 'அனுப்பப்படவில்லை. அளவெடுத்தவர் பிழை' என்று எழுதித் தேதி போட்டு, கோப்பில் உரிய இடத்தில் சேர்த்தார். வார்டு அக்காவின் நான்கு வரிகளுக்கும் எதிரே, 'நேரில் பார்த்து எழுதியது' என்று ஒவ்வொன்றாகக் குறித்து, தம் கையெழுத்தைப் போட்டு அவரிடம் காட்டினார். "இதை வெச்சு நான் என்ன பண்றது, சம்பளம் ஏறுமா?" என்று கேட்டுவிட்டு வார்டு அக்கா அடுத்த கட்டிலுக்குப் போனார். போகும்போது முகம் முன்னைப்போல் இறுகியிருக்கவில்லை.

அன்று மாலை நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். பிரேக், இடது. பிரேக், வலது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது... அந்தப் பக்கமும்... இருக்குன்னு... யாருமே சொல்லல" என்றாள்.

"இப்போ சொல்லிட்டேன். நாலு வாரம் இருக்கு."

"தள்ளி உக்காருங்க."

அவர் தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். அவள் இடக்கையை மடிக்குக் குறுக்கே நீட்டி, தன் உடம்பில் இல்லாததுபோல் கிடந்த வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். விரல் பிடிக்கு நான்கு அங்குலம் எட்டவில்லை. இன்னும் சாய்ந்தாள். தோள் நடுங்கியது. ரசீதுக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் தம் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.